சேலத்துப் பெண் தலைவர்கள்: இந்த வருஷம் மேடை யாருக்கு?

மரவனேரி வாசகி:
வணக்கம். எங்கள் பகுதியில் சின்னதாக ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். வருஷா வருஷம் மார்ச் 8, மகளிர் தினத்துக்கு மூன்று நான்கு பெண்களை அழைத்துச் சால்வை போட்டு, கேடயம் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பி வைப்போம். இதுவரை அழைத்தவர்கள் ஒரு மகப்பேறு டாக்டர், ஒரு கல்லூரி முதல்வர், ஒரு வங்கி மேலாளர், ஒரு வக்கீல். எல்லாரும் தகுதியானவர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் சேலம் நகரத்துக்குள், நாலு ரோட்டுக்கும் அஸ்தம்பட்டிக்கும் நடுவிலேயே கிடைத்துவிடுகிறார்கள், அதுதான் உறுத்துகிறது. இந்த முறை தன் ஊருக்கு, தன் தெருவுக்கு ஏதாவது செய்து காட்டியவர்களை அழைக்கலாம் என்று நினைக்கிறோம். சேலம், ஆத்தூர், மேட்டூர், ஏற்காடு எந்தப் பக்கம் என்றாலும் சரி. அவர்களுடைய பெயர், போன் நம்பர் எதையும் இங்கே போட வேண்டாம், அதைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். என்ன செய்தார்கள், ஏன் அவர்களை அழைக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே பேசலாம்.

ஆத்தூர்க்காரன்:
நல்ல முயற்சி. ஆனால் பெரிய பதவியில் இருந்தவர்களை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம் என்பேன். சேலம் ஜில்லா உருவாகி இருநூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 2017-இல்தான் முதல் பெண் கலெக்டர் வந்தார். ரோகிணி பாஜிபாகரே, மகாராஷ்டிரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மதுரையில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்ட தமிழில் அவர் பேசுவதைக் கேட்கவே கூட்டம் கூடும். அதற்கப்புறம் பிருந்தாதேவி வந்தார். மாநகராட்சியில் 2006 முதல் 2011 வரை ரேகா பிரியதர்ஷினி மேயராக இருந்தார், பதவிக்கு வந்தபோது ரொம்பச் சின்ன வயது. ஏற்காடு தொகுதியைப் பாருங்கள், பழங்குடியினருக்கான தனித்தொகுதி, 2013 இடைத்தேர்தலில் சரோஜா ஜெயித்தார், 2016-லும் 2021-லும் சித்ரா ஜெயித்தார். நம் ஜில்லாவில் வேறு எந்தத் தொகுதியில் இப்படி அடுத்தடுத்துப் பெண்கள் வந்திருக்கிறார்கள்? இதையெல்லாம் சும்மா தள்ளிவிட முடியாது.

தறிச்சத்தம்:
அண்ணா, சரோஜா அம்மா நின்றது கணவர் பெருமாள் எம்.எல்.ஏ-வாக இருக்கும்போதே இறந்துபோனதால். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆத்தூர்க்காரன்:
அதனால் என்ன? அப்பா இறந்து மகன் நின்றால் வாரிசு என்று மாலை போடுகிறோம், மனைவி நின்றால் மட்டும் ஒரு "ஆனால்" வந்துவிடுகிறது.

தறிச்சத்தம்:
சரி, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் என் கேள்வி வேறு. கலெக்டரும் எம்.எல்.ஏ-வும் பதவியின் பலத்தில் வேலை செய்கிறார்கள், கையெழுத்துப் போட்டால் கீழே பத்து அதிகாரிகள் ஓடுவார்கள். வாசகி கேட்டது அந்த மாதிரி ஆள் இல்லை என்று நினைக்கிறேன்.

சங்ககிரி லாரி:
எங்கள் பக்கத்து ஊராட்சியில் தலைவர் ஒரு அம்மா. ஆனால் பஞ்சாயத்து ஆபீசில் நாற்காலியில் உட்காருவது, வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (பி.டி.ஓ) போனில் பேசுவது, பைப் உடைந்தால் வந்து பார்ப்பது எல்லாம் அவர் வீட்டுக்காரர். ஊரில் அவரைத்தான் "தலைவர்" என்று கூப்பிடுகிறார்கள். அந்த அம்மாவைக் கேட்டால் "அவரைக் கேளுங்க" என்பார். இந்த மாதிரி ஆளைக் கூப்பிட்டு மேடையேற்றி விடாதீர்கள், சால்வையையும் அவரே வந்து வாங்கிக்கொண்டு போவார்.

பழைய செயலர்:
லாரித் தம்பி சொல்வது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. நான் ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன், மூன்று வேறு வேறு ஊராட்சிகளில் வேலை பார்த்திருக்கிறேன். 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று முதன்முதலாக வந்தபோது இருந்த நிலைமையும் தெரியும், 50 சதவீதம் என்று 2016-இல் சட்டம் வந்து 2019 டிசம்பரில் அதன்படி தேர்தல் நடந்தபோது இருந்த நிலைமையும் தெரியும். முதல் வருஷம் எல்லாம் நீங்கள் சொல்வது மாதிரிதான் இருக்கும். வீட்டுக்காரர் நிறுத்தினார், வீட்டுக்காரர் செலவு செய்தார், அதனால் வீட்டுக்காரர் ஆளுவார். ஆனால் நம் மாநிலத்தில் ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்காரர் எவ்வளவு சத்தம் போட்டாலும் அந்தக் கையெழுத்தை அவர் போட முடியாது. இது அந்த அம்மாவுக்குப் புரியும் நாள் ஒன்று வரும். எப்படி வரும் என்றால், தணிக்கையில் ஒரு ஆட்சேபணை எழுதுவார்கள், விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், அது அந்த அம்மா பேரில் வரும். பணத்தைக் கட்டு என்றாலும் அவர்தான் கட்ட வேண்டும், பதவி போனாலும் அவர் பதவிதான் போகும். அன்றைக்குத்தான் "நான் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன்" என்ற வார்த்தை வாயில் வரும். நான் வேலை பார்த்த ஒரு ஊரில், எட்டாவது வரை மட்டும் படித்த ஒரு தலைவர், தெருவிளக்குக்குப் பல்பு வாங்கிய பில்லை எடுத்துக்கொண்டு இரவில் டார்ச் அடித்துத் தெருத்தெருவாகப் போய் எரிகிற விளக்கை எண்ணினார். பில்லில் இருந்ததும் கம்பத்தில் இருந்ததும் ஒத்துவரவில்லை. கான்ட்ராக்ட் எடுத்தவர் அவருடைய சொந்த மைத்துனர். பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்புறம் ஒரு வருஷம் அந்த வீட்டில் நல்லது கெட்டதுக்கு அவரைக் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. துணைத்தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் தலைவரால் ஒன்றும் நகர்த்த முடியாது. தலைவர் பட்டியல் சாதிப் பெண்ணாகவும் துணைத்தலைவர் ஊரில் பெரிய வீட்டு ஆளாகவும் இருந்தால், மாதக்கணக்கில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்யாமல் கிடக்கும், மக்கள் திட்டுவது தலைவரைத்தான். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்தின படம் 2020-இல் நாடு முழுக்கப் போனது. படம் எடுக்காத ஊர்கள் நிறைய. அப்படிப்பட்ட ஊரில் அஞ்சு வருஷம் தாக்குப்பிடித்து, ஒரு மேல்நிலைத் தொட்டியும் கொஞ்சம் சிமெண்டு ரோடும் கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும் என் ஓட்டு அவருக்குத்தான்.

நாலு ரோடு நாகரிகன்:
அய்யா, டார்ச் அடித்து பல்பு எண்ணின அம்மாவை எங்கள் வார்டுக்குக் கடன் கொடுப்பீர்களா?

மரவனேரி வாசகி:
செயலர் அய்யா, அந்த அம்மா இன்னும் தலைவராக இருக்கிறாரா? அவரை அழைக்க முடியுமா?

பழைய செயலர்:
நம் ஜில்லாவில் யாருமே இப்போது தலைவர் இல்லை அம்மா. 2019-இல் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது, அதன் பிறகு தனி அலுவலர்கள் கையில் போய்விட்டது. அவர் அதற்கும் முந்தின காலத்து ஆள். இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறார் என்று நினைக்கிறேன். கேட்டுச் சொல்கிறேன்.

குழு அக்கா:
இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். எல்லாரும் தேர்தலில் நின்றவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த மூன்றில் ஒரு பங்கு வருவதற்கு முன்னாடியே எங்கள் பக்கம் வேறொரு வேலை ஆரம்பித்துவிட்டது. நான் பத்தாவது ஃபெயில், தாரமங்கலம் பக்கம், சுய உதவிக் குழுவில் சேர்ந்தபோது என் மகன் இடுப்பில் இருந்தான், இப்போது அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சின்ன வரலாறு சொல்லிவிடுகிறேன், பயிற்சிகளில் கேட்டுக் கேட்டு மனப்பாடம். 1983-இல் பெண்கள் மேம்பாட்டுக்கு என்று அரசு ஒரு நிறுவனம் தொடங்கியது. 1989-இல் பன்னாட்டு விவசாய மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தன, அடுத்த கட்டத்திலேயே சேலத்துக்கு வந்துவிட்டது. மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுக்கப் போனது 1997-98-இல்தான். அதாவது சென்னையில் குழு என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் நம் பக்கத்துப் பெண்கள் தீர்மானப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் திமிர் வரும், மன்னித்துவிடுங்கள்.

குழுவில் ஊக்குநர் என்று ஒருவர், பிரதிநிதி என்று இரண்டு பேர். வாராவாரம் கூட வேண்டும், சந்தா வாங்க வேண்டும், யாருக்கு உள்கடன் கொடுப்பது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும், அதை அன்றைக்கே எழுத வேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கும். ஒருத்திக்கு மகள் பிரசவத்துக்குப் பணம் வேண்டும், இன்னொருத்திக்கு மாடு வாங்க வேண்டும், பெட்டியில் இருப்பது ஒருத்திக்கு மட்டும் போதும். ரெண்டு பேரும் உனக்குச் சொந்தக்காரர்கள். கொடுக்காதவள் ஆறு மாதம் பேச மாட்டாள், அவள் புருஷன் குடித்துவிட்டு வந்து வாசலில் நின்று கத்துவான். அதையும் தாங்கிக்கொண்டு அடுத்த வாரம் அவள் வீட்டு வாசலுக்கே போய் "அக்கா, கூட்டத்துக்கு வா" என்று கூப்பிட வேண்டும். இதைச் செய்தவள்தான் ஊக்குநர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நன்றாகச் செய்திருக்கிறார்கள், நோட்டு எழுதுவது மட்டும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை.

இன்னொன்று. நம் ஜில்லாவுக்கு ஒரு கெட்ட பேர் இருந்தது, மறந்துவிட்டீர்களா? பெண் குழந்தையைக் கொல்லும் ஊர் என்று பேப்பரில் போடுவார்கள். 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கியதே சேலத்தில்தான். 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குள் ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 851 பெண் பிள்ளைகள். 2011-இல் 916. இதைக் குழுக்கள்தான் செய்தன என்று சொன்னால் அது பொய், சட்டம், ஸ்கேன் சென்டர் சோதனை, கிராம சுகாதார செவிலியர்கள், பணத் திட்டங்கள், படிப்பு எல்லாம் சேர்ந்தது. ஆனால் மூன்றாவதும் பெண் என்று தெரிந்தவுடன் மாமியார் முகம் மாறுகிற வீட்டுக்கு, தினமும் ஏதாவது ஒரு சாக்கில் போய் உட்கார்ந்துகொண்டு, "பாப்பா எங்கே, தூக்கிக் காட்டு" என்று கேட்டுக்கொண்டே இருந்த பெண்களை எனக்குத் தெரியும். நர்ஸம்மா வந்து போய்விடுவார், பக்கத்து வீட்டுக்காரி போக மாட்டாள். அப்படித் தப்பின பிள்ளைகள் இப்போது காலேஜ் முடித்திருப்பார்கள். அந்தப் பெண்களில் யாரையும் எந்த மேடையிலும் நான் பார்த்ததில்லை, அவர்களும் வர மாட்டார்கள், ஏனென்றால் எந்த வீடு என்று வெளியே சொல்ல முடியாதே.

தறிச்சத்தம்:
அக்கா, இதை எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா?

குழு அக்கா:
தீர்மானப் புத்தகத்தில் இருக்கும், ஆனால் "பொது விஷயங்கள் பேசப்பட்டன" என்றுதான் இருக்கும்.

கொலுசுப்பட்டறை:
நான் பனங்காடு. வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசு வேலை நடக்கிற ஏரியா, பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கண்ணி கோப்பது, சலங்கை வைப்பது என்று கூலிக்குச் செய்வார்கள். நான் சொல்ல வருவது வேறு விஷயம், குழு என்றவுடன் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். அக்கா சொல்வது சேமிப்புக் குழு. இப்போது எங்கள் தெருவில் இருப்பதெல்லாம் லோன் குழு. கம்பெனி ஆள் வருவார், பத்துப் பதினைந்து பெண்களைச் சேர்ப்பார், அதில் கொஞ்சம் வாயாடி, கொஞ்சம் தைரியசாலி யாரோ அவரை லீடர் ஆக்குவார். ஒருத்தி வாரத் தவணை கட்டவில்லை என்றால் லீடர்தான் அவள் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும், அவள் கட்டும்வரை மற்ற யாரும் எழுந்து போகக் கூடாது. வெள்ளி விலை ஏறினால் வேலை குறையும், வேலை குறைந்தால் தவணை நிற்கும். எங்கள் தெருவில் அப்படி லீடராக இருந்த ஒரு அக்கா, மற்றவர்களுக்காகத் தன் தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டினார். அப்புறம் அவரே ஒரு நாள் கூட்டத்தில் "இனிமேல் நான் எவள் வீட்டுக்கும் போய் உட்கார மாட்டேன், உங்கள் ஆளை அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று எழுந்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலு லீடர்கள் எழுந்தார்கள். கம்பெனி பேர் வேண்டாம். 2025-இல் மிரட்டிக் கடன் வசூலிப்பதற்கு எதிராக மாநிலத்தில் சட்டமே வந்தது, அதற்கு முன்னால் நடந்தது இது. எனக்குக் கேட்டால் அந்த அக்காதான் தலைவி.

கணக்குப்பிள்ளை:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. கடன் வாங்கும்போது எல்லாருக்கும் பொறுப்பு என்றுதானே கையெழுத்துப் போட்டார்கள்? கட்டாதவர்களுக்காக ஒருவர் எழுந்து போனதை வீரம் என்று சொன்னால், ஒழுங்காகக் கட்டிய மற்றவர்கள் முட்டாள்களா? அவர்களுக்கு அடுத்த முறை கடன் கிடைக்காமல் போனதே, அதற்கு யார் பதில் சொல்வது?

கொலுசுப்பட்டறை:
கட்ட முடியாது என்று யாரும் சொல்லவில்லை. கட்டினார்கள், லேட்டாகக் கட்டினார்கள். இன்னொருத்தி வீட்டில் ராத்திரி ஒன்பது மணிவரை பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து மானத்தை வாங்க மாட்டேன் என்றுதான் சொன்னார். அது கணக்கில் வராது அண்ணா.

குழு அக்கா:
கணக்குப்பிள்ளை தம்பி கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கடன் ஒழுங்கு இல்லாவிட்டால் குழுவே இல்லை. ஆனால் எங்கள் குழுவில் ஒருத்தி கட்டவில்லை என்றால் ஏன் கட்டவில்லை என்று பேசித் தவணையை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இருந்தது, ஏனென்றால் பெட்டியில் இருப்பது எங்கள் காசு. அங்கே லீடருக்கு வசூலிக்கிற வேலை மட்டும்தான், முடிவு எடுப்பது வேறு எங்கேயோ. முடிவெடுக்க விடாமல் லீடர் என்று பேர் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய செயலர்:
அப்படிப் பார்த்தால் கையெழுத்து மட்டும் போடுகிற பஞ்சாயத்துத் தலைவரும் அதே கதைதான்.

மலைக்காப்பி:
ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன், நாகலூர்ப் பக்கம். மலைமேல் என்றவுடன் எல்லாருக்கும் ஏரியும் படகும் ஞாபகம் வரும், மே மாதம் மலர்க்கண்காட்சிக்கு வந்துவிட்டுப் போவார்கள். இங்கே மலையாளி என்கிற பழங்குடி மக்களின் ஊர்களில் ஊர்க்கவுண்டர் என்று ஒருவர் இருப்பார், திருவிழா, கல்யாணம், சண்டை எல்லாம் அவரோடு முடியும். சேர்வராயன் கோயில் திருவிழாவும் ஆண்கள் கூடித்தான் முடிவு செய்வார்கள். கோயிலில் சேர்வராயனோடு காவேரியம்மனும் இருக்கிறாள் என்பது வேறு விஷயம். ஊர்க்கூட்டத்தில் பெண் எழுந்து பேசுவது ரொம்ப நாளாகக் கிடையாது.

அதைக் கொஞ்சம் அசைத்தது எது என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது இரண்டு. ஒன்று காப்பித் தோட்டம். பழம் எடுக்கிற சீசனில் பெண்கள்தான் வேலைக்காரர்கள், கிலோ கணக்குக் கூலி. எடை போடும்போது தராசுக்குப் பக்கத்தில் போய் நிற்கிற ஒருத்தி எப்போதும் இருப்பாள். "மூட்டையைத் திரும்ப வை" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், மேஸ்திரிக்கு அவளைப் பிடிக்காது, அடுத்த வாரம் அவளுக்கு வேலை இல்லை என்றும் சொல்வான், அப்போது மற்றவர்களும் கூடையைக் கீழே வைத்தால்தான் அவள் பிழைப்பாள். வைத்திருக்கிறார்கள், வைக்காமலும் விட்டிருக்கிறார்கள். மதுரைப் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மா இப்படிக் கூலி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மிராசுதாரிடம் கூலி பேசித்தான் தலைவி ஆனார், அப்புறம்தான் களஞ்சியம் என்கிற சேமிப்புக் குழு, அப்புறம்தான் 2001-இல் பிரதமர் வாஜ்பாய் இவர் காலில் விழுந்தது, 2019-இல் பத்மஸ்ரீ எல்லாம். மலைமேல் அவரைப் போல ஆட்கள் இருக்கிறார்கள், வாஜ்பாய்தான் வரவில்லை.

இரண்டாவது வன உரிமைச் சட்டம், 2006. கிராம சபையில் அமைக்கிற வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருந்தே ஆக வேண்டும். கூட்டம் செல்லுவதற்கும் அதே மாதிரி, வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இன்னும் முக்கியம், கல்யாணம் ஆனவர்களுக்குப் பட்டா கொடுத்தால் புருஷன் பெண்டாட்டி இருவர் பேரிலும் கொடுக்க வேண்டும். அதனால் முன்னே "பொம்பளைங்க எதுக்கு" என்றவர்களே வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டியதாயிற்று. எண்ணிக்கைக்குக் கூப்பிட்டார்கள், வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. எந்த இடத்தில் தாத்தா காலத்தில் ராகி போட்டோம், எந்த ஓடையில் தண்ணீர் எடுத்தோம், எங்கே கிழங்கு தோண்டினோம் என்றெல்லாம் அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். எல்லை காட்டும்போது அதிகாரி பின்னால் நடந்தது ஆண்கள், முன்னால் நடந்தது ஒரு பாட்டி. மனு போட்டவர்களில் நிறைய பேர் இன்னும் காத்திருக்கிறார்கள், அது வேறு கதை.

ஆத்தூர்க்காரன்:
இந்தப் பாட்டியைக் கண்டிப்பாக அழையுங்கள் வாசகி அம்மா.

மலைக்காப்பி:
பாட்டிக்கு மலை இறங்கினால் தலை சுற்றும் அண்ணா, இருபது கொண்டை ஊசி வளைவு. ஆனால் அவர் பேத்தி ஒருத்தி இருக்கிறாள், ஊரிலேயே முதலில் டிகிரி முடித்தவள். யாருக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும் என்றாலும் அவள்தான் போனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறாள். இனச்சான்றிதழ் இழுத்தடித்ததால் பிள்ளைகள் காலேஜ் சேர முடியாமல் நின்றதெல்லாம் அவள் வந்த பிறகு குறைந்திருக்கிறது. காசு வாங்க மாட்டாள், அதில்தான் வீட்டில் சண்டை.

நாலு ரோடு நாகரிகன்:
சேலம்-சென்னை எட்டு வழிச் சாலையை யாரும் சொல்லவில்லையே? 2018-இல் பூலாவரி, குப்பனூர், ராமலிங்கபுரம் பக்கமெல்லாம் கல் நட வந்தபோது வயலில் குறுக்கே நின்றது பாதிக்கு மேல் பெண்கள்தான். டிவியில் எல்லாரும் பார்த்தோம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது, அப்புறம் உச்ச நீதிமன்றத்தில் 2020 டிசம்பரில் வேறு மாதிரிப் போனது. அந்தப் பெண்களுக்கு யார் தலைவர் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதே மாதிரி 2017-இல் நெடுஞ்சாலையோரத்து மதுக்கடைகளை ஊருக்குள் மாற்றியபோது கடை வாசலில் உட்கார்ந்தவர்கள்.

கணக்குப்பிள்ளை:
ஆரம்பித்துவிட்டீர்களா. மகளிர் தினத்தை அரசியல் மேடை ஆக்காமல் இருக்க முடியாதா? சாலை வேண்டும் என்று சொன்ன பெண்களும் இருந்தார்கள்.

நாலு ரோடு நாகரிகன்:
இருந்தால் அவர்களையும் அழையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சாணி, பால், தென்னை என்று அந்த நிலத்தில் தினமும் நின்று வேலை செய்தவர்கள் போலீஸ் வேனைப் பார்த்தும் நகரவில்லையே, அதை மகளிர் தினத்தில் பேசாமல் கோலப் போட்டியிலா பேசுவது?

இழை மேற்பார்வை:
கட்சிப் பெயர் வராதவரை பேசலாம். கோலப் போட்டியைக் கிண்டல் செய்ய வேண்டாம், இந்த மன்றத்தில் பாதிப் பேர் அதில் பரிசு வாங்கியவர்கள்.

தறிச்சத்தம்:
சிரித்துவிட்டேன். எங்கள் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இளம்பிள்ளையில் சேலை வாங்கி வாட்ஸப்பில் விற்கிற பெண்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அதில் ஒருவர், தான் விற்பதோடு நிற்காமல், கணவனை இழந்த பெண்கள் பத்துப் பேருக்குத் தன் பேரில் கடனுக்குச் சரக்கு எடுத்துக் கொடுத்து ஆரம்பித்து வைத்தார். பாதிப் பேர் நிலைத்தார்கள், மீதிப் பேர் பணத்தைத் தரவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதைத் தலைமை என்று சொல்வதா, இளிச்சவாய்த்தனம் என்று சொல்வதா என்று எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி.

மரவனேரி வாசகி:
எல்லாருக்கும் நன்றி, தனிச்செய்தியிலும் நிறைய வந்திருக்கிறது. இன்று மாலை எங்கள் வட்டத்தில் பேசினோம், காரசாரமாகத்தான் போனது. முடிவு இதுதான்: பல்பு எண்ணிய முன்னாள் தலைவர், பனங்காட்டு அக்கா, ஏற்காட்டுப் பேத்தி, அப்புறம் குழு அக்கா நீங்கள். மறுக்கக் கூடாது. ஒருவர் கலெக்டரையும் அழைத்தால்தான் பேப்பரில் செய்தி வரும் என்றார். வந்தால் கீழே உட்கார்ந்து கேட்கட்டும், சிறப்புரை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அது சரியா தவறா தெரியாது, ஆனால் போன வருஷம் சிறப்புரை முடிந்தபோது விருது வாங்கியவர்களுக்குப் பேச ஆளுக்கு இரண்டு நிமிஷம்தான் மிஞ்சியது.

குழு அக்கா:
எனக்கு வேண்டாம் வாசகி. உண்மையாகத்தான் சொல்கிறேன். எனக்குப் பதிலாக இப்போது பள்ளிக்கூடத்தில் காலை உணவு சமைக்கிற எங்கள் குழுப் பெண்கள் யாரையாவது கூப்பிடுங்கள், விடியும் முன்னால் எழுந்து, பிள்ளைகள் வருவதற்குள் பொங்கலும் சாம்பாரும் இறக்கி வைக்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை, பள்ளி இல்லாத நாளாகப் பார்த்து வையுங்கள். வேலை நாளில் வைத்தால் அவர்களால் வர முடியாது, மற்றவர்களுக்கும் ஒரு நாள் கூலி போகும்.

பழைய செயலர்:
சால்வைக்கும் கேடயத்துக்கும் எவ்வளவு செலவு செய்வீர்கள்? அந்தப் பணத்தைப் போக்குவரத்துச் செலவாகவும் கூலியாகவும் கவரில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். முன்னாள் தலைவரிடம் பேசினேன், வருகிறாராம், "எதுக்கு என்னை" என்று மட்டும் மூன்று தடவை கேட்டார். கூட அவர் வீட்டுக்காரரும் வருவார், அவரை முன்வரிசையில் உட்கார வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்.

சங்ககிரி லாரி:
நான் முதலில் எழுதியதே அதுதானே அய்யா, இப்போது சால்வைக்குப் பதில் கவரையும் அவரே வாங்கிக்கொள்வார்.

பழைய செயலர்:
வாங்கட்டும், உள்ளே எவ்வளவு என்று இந்த அம்மா எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

கொலுசுப்பட்டறை:
பனங்காட்டு அக்கா வருகிறேன் என்றார், ஆனால் போட்டோவைப் பேப்பருக்கும் ஃபேஸ்புக்குக்கும் கொடுக்கக் கூடாதாம். லோன் கம்பெனி ஆட்கள் இன்னும் அதே தெருவில்தான் சுற்றுகிறார்கள்.

மரவனேரி வாசகி:
சரி, போட்டோ எடுக்க மாட்டோம். கேடயத்தையும் விட்டுவிட்டோம், கவர்தான். பள்ளி விடுமுறை நாளாகவே ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வைக்கிறோம், இரண்டு மணிக்குள் சாப்பாடு போட்டு அனுப்பிவிடலாம். மலைக்காப்பி, உங்கள் பெண் திரும்ப எத்தனை மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும், இருட்டுவதற்குள் மேலே போய்விட முடியுமா? சொன்னால் அவரை முதலில் பேச வைத்துவிடுகிறோம்.

மலைக்காப்பி:
முதலிலேயே பேச விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை டூரிஸ்ட் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது, அதனால் மூன்று மணிக்குள் பஸ் ஸ்டாண்டில் இருந்தால் நல்லது. முடிந்தால் யாராவது அடிவாரம் வரை வண்டியில் விட்டுவிடுங்கள்.

ஆத்தூர்க்காரன்:
அடிவாரம் வரை என் வண்டி வரும். நேரத்தை மட்டும் தனிச்செய்தியில் போடுங்கள்.